சர்வருக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர்

சர்வர்களை அடுக்கிய ரேக்கின் பின்பக்கம் ஓராண்டாக லூசாகவே கிடந்த ஒரு பவர் கார்டைக் கழற்றி, அதன் மூன்று துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எர்த் துளை வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டில் எது லூசோ, அந்தத் துளையின் ஓரம் மட்டும் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியிருக்கும். உள்ளே உள்ள பித்தளைக் கிளிப் கறுத்து வாய் விரிந்திருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு வாடை. சர்வர் பக்கத்துப் பின்னும் பளபளப்பு போய் நீலக் கறுப்பாக நிற்கும். இத்தனைக்கும் அந்தச் சர்வர் ஒருநாள்கூட நின்றிருக்காது. அதனால்தான் யாரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

இந்தக் கருகலை எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) தடுக்காது. கார்டில் 8 ஆம்பியர் ஓடுகிறது, லூஸ் கான்டாக்டின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு புள்ளியில் 6.4 வாட் வெப்பமாகிறது. விரல் நுனி அளவுள்ள இடத்தில், காற்றே படாத பிளாஸ்டிக்குக்குள் 6 வாட் என்பது பெரிய சூடு. எம்.சி.பி.க்குத் தெரிவதோ அதே 8 ஆம்பியர்தான், அது ஏன் விழப்போகிறது? சூடு ஏற ஏறக் கிளிப்பின் ஸ்பிரிங் பிடிப்பு தளரும். பிடிப்பு தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. சர்வரில் செருகும் வழக்கமான சி13 முனை 10 ஆம்பியருக்கும் பின்னில் 70 டிகிரி வரையிலான சூட்டுக்கும் செய்யப்பட்டது. ரேக்கின் பின்புறக் காற்றே 40 டிகிரியில் இருக்கும்போது, மிச்சம் இருக்கும் இடைவெளி குறைவு.

ஆகவே முதலில் கார்டு. உறையின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கப் பழக வேண்டும். ‘ஹெச்05விவி-எஃப் 3ஜி1.0’ என்று இருந்தால், எர்த்தோடு சேர்த்து மூன்று கோர் (உள்கம்பி), ஒவ்வொன்றும் 1.0 சதுர மி.மீ. என்று பொருள். 10 ஆம்பியர் சி13 கார்டில் 2 மீட்டர் வரை 0.75 போதும், அதற்கு மேல் நீளம் என்றால் 1.0 வேண்டும். அதைவிடப் பெரிய முனையுள்ள 16 ஆம்பியர் சி19 கார்டுக்கு 1.5. அச்சு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால், மொத்தமாக வாங்கும்போது ஒன்றை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. 0.2 மி.மீ. இழைகளால் ஆன 1.0 சதுர மி.மீ. கோரில் 32 இழைகள் இருக்கும், 0.75-இல் 24. எண்ணினால் 14, 15 தான் வருகிறது என்றால் அந்தக் கட்டையே திருப்பிக் கொடுங்கள். இழையைக் கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது மேலே மட்டும் செம்பு பூசிய அலுமினியம். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் சர்வர்களோடு சில சமயம் அமெரிக்கத் தட்டைப் பின் கார்டு வந்துவிடும். அதன் பிளக்கில் 125 வோல்ட் என்று போட்டிருக்கும். ஒரு கன்வர்ட்டரைச் செருகி நம் 230 வோல்ட்டில் ஓட்டுவதை இன்றும் பல இடங்களில் பார்க்கலாம். ஓடும் என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது. கன்வர்ட்டரில் எர்த் வருவது சந்தேகம், பின்னும் உள்ளே ஆடும். பெரிய கம்பெனிப் பெயர் இருப்பதாலேயே கார்டை நம்பிவிடவும் முடியாது. 2014 ஆகஸ்டில் ஹெச்.பி. தன் லேப்டாப்புகளோடு கொடுத்த சுமார் 60 லட்சம் பவர் கார்டுகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பப் பெற்றது. சூடாகித் தீப்பிடிக்க வாய்ப்பு என்பது காரணம். அடாப்டரில் செருகும் முனையில் வார்த்திருந்த ‘எல்எஸ்-15’ என்ற எழுத்துதான் அதற்கு அடையாளம். முனையில் என்ன வார்த்திருக்கிறது என்பதைச் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்தால், இப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில் ரேக் ரேக்காகத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு தவறு கத்தியால் நடப்பது. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பி.ஓ.இ. சுவிட்சுகள் சிலவற்றின் பின்பக்க இன்லெட்டில் (கார்டு செருகும் வாய்) நடுவே ஒரு சின்ன மேடு இருக்கும். அது சி16. அதற்குரிய கார்டு சி15, முனையில் அந்த மேட்டுக்கு ஏற்ற பள்ளம் உண்டு. சாதாரண சி13 அதில் ஏறாது. ஏறவில்லையே என்று சி13-ஐ பிளேடால் செதுக்கி ஏற்றிவிடுகிறார்கள். அந்த மேட்டை வைத்ததே, 70 டிகிரி கார்டு 120 டிகிரி இடத்துக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். செதுக்கிய கார்டைக் கண்டால் வெட்டிக் குப்பையில் போடுங்கள், எடுத்து வைத்தால் யாராவது மறுபடி மாட்டிவிடுவார்கள்.

ரேக்குக்குள் ஸ்பைக் பஸ்டர் இருக்கவே கூடாது. அதன் பிளக் 6 ஆம்பியர், அதாவது 1,380 வாட். இரண்டு சர்வர் வேகமெடுத்தாலே எல்லை தொட்டுவிடும். ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகியிருந்தால் முதல் பிளக்கில்தான் எல்லாச் சுமையும். ரேக் பி.டி.யு. (ரேக்குக்கென்றே செய்த மின் பகிர்வுப் பட்டை) வாங்கி, அதை 16 அல்லது 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கில் இணைப்பதுதான் முறை.

மாட்டும்போது: கார்டின் முனை சர்வர் இன்லெட்டில் கடைசி இரண்டு மூன்று மி.மீ. உள்ளே போக மறுக்கும், பலரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். எல்.ஈ.டி. பச்சையாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ஒரு கையால் பவர் சப்ளையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் முனை முழுக்கப் புதையும்வரை தள்ள வேண்டும். பிறகு இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். பவர் சப்ளையின் கைப்பிடியில் ஒரு வெல்க்ரோ பட்டை வரும். அது அலங்காரமல்ல, கார்டைப் பிடித்துக் கட்டத்தான். சர்வரை ரெயிலில் முன்னால் இழுத்து வேலை பார்க்கும் இடங்களில் பூட்டுள்ள கார்டு வாங்குவது நல்லது. ஒருவகை, எர்த் பின்னையே கவ்விப் பிடிக்கும், எந்த சி14 இன்லெட்டிலும் (சி13-இன் ஜோடி) வேலை செய்யும். இன்னொரு வகைக்கு இன்லெட்டிலும் அதற்கான பள்ளம் வேண்டும், பார்த்து வாங்குங்கள்.

நீளம் மிஞ்சினால் இறுக்கமாகச் சுருட்டிக் கட்டாதீர்கள், சுருளின் நடுவில் சூடு தேங்கும். 0.6, 1.2, 1.8 மீட்டர் என்று மூன்று அளவு வாங்கி வைத்தால் சுருட்டவே தேவையில்லை. பிளாஸ்டிக் டை உறையில் பள்ளம் விழச் செய்யும். வெட்டிய நுனி கையையும் கிழிக்கும். வெல்க்ரோ போதும்.

இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரை வாங்கிவிட்டு இரண்டு கார்டையும் ஒரே பி.டி.யு.வில் செருகுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி காணும் பிழை. கூடுதலாகக் கொடுத்த பணம் அத்தனையும் அங்கே வீண். இரண்டையும் ஏ, பி என்று தனித்தனி லைனில் கொடுத்து, ஏ லைனுக்குச் சிவப்புக் கார்டு, பி லைனுக்கு நீலக் கார்டு என்று நிறம் பிரித்துவிட்டால், ரேக்கின் பின்னால் நின்று ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம். நிறம் மட்டும் போதாது, கார்டின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்ட வேண்டும். அவசரத்தில் கழற்றுகிறவர் கையில் இருப்பது பி.டி.யு. பக்கத்து முனைதான், சர்வர் பெயர் அங்கே எழுதியிருக்காது.

சுமைக் கணக்கில் ஒரு பொறி உண்டு. 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, அதாவது 12.8 ஆம்பியர். இரண்டு லைனும் ஓடும்போது ஏ-வில் 10, பி-யில் 10 என்று இருந்தால் இரண்டுமே பத்திரமாகத் தெரியும். ஆனால் ஏ விழுந்த நொடியில் பி-யில் 20 ஆம்பியர் வரும், கொஞ்ச நேரத்தில் அதுவும் விழலாம். ஆகவே ஒவ்வொரு லைனிலும் சாதாரண நாளில் 6.4 ஆம்பியருக்குள், இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 2.9 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். சில சர்வர்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு பவர் சப்ளையைத் தூங்க வைக்கும் அமைப்பு உண்டு. அதில் பி-யின் மீட்டர் கிட்டத்தட்டச் சுழியம் காட்டும். ‘இடம் காலியாக இருக்கிறதே’ என்று அங்கே புதுச் சர்வரை ஏற்றிவிட்டால் அதே பொறிதான். உண்மையான சோதனை ஒன்றுதான்: ஆண்டுக்கு இரண்டு முறை, முன்னறிவிப்புக் கொடுத்து, பேக்கப் எடுத்து, ஏ எம்.சி.பி.யை இறக்கிப் பதினைந்து நிமிடம் பார்ப்பது. அதற்கு முன் ஐடிராக், ஐ.எல்.ஓ. போன்ற ரிமோட் நிர்வாகத் திரைகளில் எல்லாச் சர்வரும் இரண்டு சப்ளையும் நலம் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே பி சப்ளை செத்துக் கிடந்தால் சோதனையே விபத்தாகிவிடும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கட்டடங்களில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சர்வரின் உலோக உடம்பில் கை பட்டால் ‘சுருக்’ என்கிறதா? டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா? எர்த் வரவில்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னக் கபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு பூமிக்குப் போய்விடும். இல்லையென்றால் உடம்பு 115 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மிதக்கும். ஒரு சப்ளையின் கசிவு ஒரு மில்லி ஆம்பியர் என்று வைத்தால் அது கூச்சம்தான். ஆனால் ஒரு ரேக்கில் பத்துச் சர்வர், இருபது சப்ளை. எல்லாம் ஒரே ரேக் இரும்பில் சேர்ந்தால் 20 மில்லி ஆம்பியர். பிடித்த கையை விட முடியாத அளவு அது. ‘சுருக்’ என்பதை வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அறையில் யாரும் வேலை செய்யக் கூடாது.

இதே கசிவினால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த் கசிவைக் கண்டால் விழும் சுவிட்ச்) சர்வர் லைனில் காரணமில்லாமல் விழுவதுபோல் தெரியும். அது 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்றுதான் செய்யப்பட்டிருக்கிறது. எலக்ட்ரீஷியன் கோபத்தில் அதைப் பைபாஸ் செய்துவிடுவார். அப்படி விடாதீர்கள். சுமையைப் பல சர்க்யூட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில சர்வர்களை மட்டும் வைத்தால் விழுவது நிற்கும்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 அளவில், ஃபேஸ்–எர்த் அதே அளவில், நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு 10, 15 என்று ஏறினால் எர்த் மோசம் அல்லது நியூட்ரல் எங்கோ லூஸ். மிகச் சரியாகச் சுழியம் என்றாலும் சந்தேகப்படுங்கள், யாரோ சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம். சோதனையில் பாஸ் ஆவதற்காகச் செய்யும் வேலை அது. அந்த நியூட்ரல் அறுந்தால் ரேக் முழுக்க ஃபேஸ் ஏறும். சர்வருக்கென்று தனி எர்த் பிட் (எர்த் புதைக்கும் குழி) போட்டால் நல்லதுதான், ஆனால் அதைக் கட்டடத்தின் மற்ற எர்த்தோடு கீழே இணைக்காமல் விடுவது தவறு. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் வோல்டேஜ், நெட்வொர்க் கேபிள் வழியாகச் சர்வரைக் கடந்துதான் சமனாகும். சித்திரை, வைகாசியில் பிட் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றும் வேலையை யார் பெயரிலாவது எழுதி வையுங்கள்.

நியூட்ரல் கட் என்றால் என்ன என்பது தமிழ்நாட்டில் வீட்டுக்காரர்களுக்கே தெரியும். மூன்று ஃபேஸ் வரும் இடத்தில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், சுமை குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி 400 வரை போகும். சர்வர் சப்ளைகள் பெரும்பாலும் 240 என்று எழுதி, 264 வரை தாங்கும். ஆன்லைன் யு.பி.எஸ்.ஸுக்கு முன்னால் ஓவர் வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் மீறினால் இணைப்பைத் துண்டிப்பது) இல்லாத அறை, அழிவிலிருந்து ஒரு நியூட்ரல் கட் தூரத்தில் இருக்கிறது.

போன கரண்ட் திரும்பி வரும் நேரமும் ஆபத்தானதுதான். 2017 மே 27 அன்று லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய டேட்டா சென்டரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிறகு கட்டுப்பாடில்லாமல் மறுபடி கொடுக்கப்பட்டதில்தான் கருவிகள் பாழாயின. பிரிட்டிஷ் ஏர்வேஸின் சுமார் 75,000 பயணிகள் தவித்தார்கள். நம் அளவில் செய்ய வேண்டியது எளிது. பயாஸில் (சர்வர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) கரண்ட் திரும்பியதும் உடனே ஆன் ஆகாமல், சர்வருக்குச் சர்வர் வேறு வேறு தாமதம் வையுங்கள். முதலில் ஸ்டோரேஜ், பிறகு டேட்டாபேஸ், பிறகு மற்றவை. எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் முதல் இழுப்பிலேயே, பி கர்வ் என்னும் சட்டென விழும் வகை எம்.சி.பி. விழும். சர்வர் லைனுக்கு, தொடக்க இழுப்பைத் தாங்கும் சி கர்வ் போடுவது அதனால்தான்.

கார்டு சரியாக இருக்கிறதா என்பதோடு, அதை எந்தக் கை எட்டலாம் என்பதும் சேர்ந்ததுதான் இந்த வேலை. கையோடு எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிள் நுழையும் சுவர் ஓட்டையை ஃபோம் அடித்து மூடினால் எலி ஒரே இரவில் கடித்துத் திறக்கும். ஸ்டீல் வுல் திணித்து, அதன் மேல் தீத்தடுப்புப் புட்டி பூசினால் நிற்கும். அறைக்குள் டிபன் பாக்ஸ் திறக்கும் பழக்கத்தை நிறுத்தினால் பாதி எலி வராது. பல்லி சூடான இடத்தைத் தேடி சாக்கெட்டுக்குள் புகும். பயன்படாத பி.டி.யு. துளைகளுக்கு மூடி போடுங்கள். லெட் ஆசிட் பேட்டரியைச் சர்வர் அறையிலேயே வைக்கும் சின்ன அலுவலகங்களில் பின்கள் பச்சை பூத்துப்போகும், அதற்குக் காற்றோட்டமுள்ள வேறு இடம் வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கும் இதே குணம் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் கீழ்த்தளத்தில் யு.பி.எஸ். வைப்பவர்களைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. சர்வர் மாடியில் இருந்து என்ன பயன், அதன் உயிர் கீழே தண்ணீரில் இருந்தால்?

இனிப் பூட்டு. ரேக்கின் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து போடுவதுதான் பொதுவான காட்சி. கார்டுகள் எல்லாம் இருப்பது பின்னால்தான். ரேக்கோடு வரும் சாவி பெரும்பாலும் அந்த மாடல் முழுக்க ஒரே சாவி. பக்கத்து அலுவலகத்துச் சாவியே திறக்கும். வாங்கியதும் பூட்டை மாற்ற வேண்டும். சாவிக்கு ஒரு நோட்டு, எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து. ஹாட் ஸ்வாப் டிஸ்க் (சர்வர் ஓடும்போதே கழற்றக்கூடியது) ஒன்றை வெளியே உருவ ஐந்து நொடி கூட ஆகாது. ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவு) என்றால் அந்த ஒரு டிஸ்கிலேயே முழுத் தரவும் இருக்கிறது. ஆகவே டிஸ்க் என்கிரிப்ஷன் கட்டாயம், அதன் சாவி அதே சர்வருக்குள் இருக்கக் கூடாது.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: புதுச் சர்வர்களின் முகப்பில் இழுத்தால் வெளியே வரும் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் சீரியல் எண்ணோடு, ரிமோட் நிர்வாகத்துக்கான முதல் பாஸ்வேர்டும் அச்சாகியிருக்கலாம். ஏ.சி. மெக்கானிக் போல வந்தவர் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், பிறகு உள்ளூர் நெட்வொர்க்கிலிருந்து சர்வரையே அணைக்கலாம். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். முன்பக்க யு.எஸ்.பி.யை பயாஸில் முடக்குங்கள்.

அறைத் தடுப்பு ஜிப்சம் போர்டு என்றால், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அது தளம்வரை போகிறதா என்று ஏணி வைத்துப் பாருங்கள். பல இடங்களில் சீலிங் ஓட்டோடு நின்றுவிடும், ஓட்டைத் தூக்கினால் உள்ளே இறங்கலாம். காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரைதான் பிடிக்கும், போனால் திறந்துகொள்ளும். தீ நேரத்தில் ஆள் வெளியேற அது தேவைதான். ஆனால் ஆக்சஸ் கன்ட்ரோலரின் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி செத்துப்போயிருந்தால், ஒவ்வொரு மின்வெட்டிலும் கதவு ஊருக்கே திறந்திருக்கும். மாதம் ஒருமுறை அதன் மெயினை அணைத்து, கதவு எத்தனை நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். வெளியேறும் பச்சைப் பொத்தானும் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானும் கதவருகே அக்கம்பக்கமாக இருந்தால், என்றோ ஒருநாள் கையில் பெட்டியோடு வெளியே போகிறவர் முழங்கையால் சிவப்பை அழுத்துவார். சிவப்புக்குத் தூக்கித் திறக்கும் கண்ணாடி மூடி போட்டு, இடத்தையும் மாற்றுங்கள்.

கார்டு புகைய ஆரம்பித்தால், அதைக் கையால் பிடுங்கப் போகாதீர்கள். உருகிய உறைக்குள் செம்பு வெளியே வந்திருக்கும். அந்த பி.டி.யு.வின் எம்.சி.பி.யை இறக்குங்கள். ஏ-வை மட்டும் இறக்கினால் சர்வருக்கு பி-யிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் பயன்படுத்துங்கள். ஏ.பி.சி. பவுடர் அடித்தால் எரியாத சர்வர்களும் பவுடர் உறிஞ்சி அரித்துப்போகும். சின்ன அறையில் கார்பன் டை ஆக்சைடு மூச்சை அடைக்கும், அடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுங்கள். எந்த எம்.சி.பி. எந்த ரேக்குக்கு, எதை முதலில் இறக்குவது, யாருக்கு போன் செய்வது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். அறை முழுக்கப் புகை நிறைந்தபின் உள்ளே ஒட்டியதை யாரும் படிக்க முடியாது.